‘ஃபினிஸ்யோன்’: ஒரு வினைவடிவம், மூன்று பிரிப்புகள்

‘நூ ஃபினிஸ்யோன்’ (நாங்கள் முடித்துக்கொண்டிருந்தோம்) என்ற பிரெஞ்சு வினைவடிவத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடநூல் அதை ‘ஃபினிஸ்’ என்றும் ‘யோன்’ என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. அகராதி, வரியின் இறுதியில் சொல்லை வெட்ட நேர்ந்தால் இரண்டு எஸ் எழுத்துகளுக்கும் நடுவில் வெட்டச் சொல்கிறது. உங்கள் ஆசிரியரோ ‘ஃபி-னி-ஸ்யோன்’ என்று உச்சரித்து, இரண்டு எஸ்களையும் கடைசி அசைக்குத் தள்ளிவிட்டார். இவற்றுள் எது சரி, எல்லா வினைகளுக்கும் பொருந்தும் ஒரே விதி உண்டா என்பது கேள்வியின் வெளித்தோற்றம். உண்மையில் நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். இந்தச் சொல் எத்தனை மூச்சுத் துண்டுகளாக ஒலிக்கிறது என்பது ஒன்று. அச்சில் எங்கே வெட்டலாம் என்பது ஒன்று. எந்தத் துண்டு எந்தப் பொருளைச் சுமக்கிறது என்பது ஒன்று. நீங்கள் கண்ட மூன்று பிரிப்புகளும் தத்தம் கேள்விக்குச் சரியான விடைகளே. ஒன்றின் விடையை மற்றொன்றின் இடத்தில் வைக்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரெஞ்சு இலக்கணம் கற்பித்து வருகிறேன். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதே இடத்தில் வந்து இடறுவதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ் படித்தவருக்கு இது புதிய சங்கதி அன்று. ‘பேசினான்’ என்று சொல்லிப் பாருங்கள்: பே-சி-னான் என மூன்று அசைத் துண்டுகள் காதில் விழும். அதே சொல்லைப் பகுபத உறுப்பிலக்கணப்படி பிரித்தால் பேசு + இன் + ஆன் என்று வரும். இரண்டிலும் துண்டுகள் மூன்றுதான். ஆனால் ஓர் எல்லைகூட ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை. ‘சி’ என்ற அசையில் பகுதியின் மெய்யும் இடைநிலையின் உயிரும் இருக்கின்றன. ‘னான்’ என்ற அசையில் இடைநிலையின் மெய்யும் விகுதி முழுவதும் இருக்கின்றன. பிரெஞ்சு வினைகளில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. கீழே அசைப் பிரிப்பைச் சிறுகோட்டாலும், உறுப்புப் பிரிப்பைக் கூட்டல் குறியாலும் காட்டுகிறேன். பிரெஞ்சு ஒலிகள் சிலவற்றைத் தமிழ் எழுத்தில் முழுதாகக் காட்ட முடியாது. சொல்லின் இறுதியில் ‘ஓன்’ என்று எழுதும் இடங்களில் மூக்கின் வழியே வரும் ஓகாரத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள், ‘ன்’ தனியே ஒலிக்காது.

முதலில் ஒலியை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மூன்றிலும் எளிமையானது அதுதான். பிரெஞ்சு மொழி உயிரில் முடியும் அசையை விரும்புகிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒரே ஒரு மெய் ஒலித்தால் அது பின்னால் வரும் உயிரோடு சேரும். இரண்டு மெய்கள் ஒலித்தால் முதலாவது முன் அசைக்கும் இரண்டாவது பின் அசைக்கும் போகும். ‘பர்-லோன்’ (நாம் பேசுகிறோம்) அப்படிப் பிரிவது. ஆனால் ப, த, க, ஃப போன்ற ஒலிகளை அடுத்து ‘ர்’ அல்லது ‘ல்’ வந்தால் இரண்டும் பிரியாமல் ஒன்றாகவே பின் அசைக்குச் செல்லும். ‘காட்டுதல்’ என்னும் பொருளுள்ள வினை ‘மோன்-த்ரே’ என்றுதான் பிரியும், ‘மோன்த்-ரே’ என்று பிரியாது. இந்த அளவில் ஐயமில்லை. ஐயம் தொடங்குவது ‘ஸ்’ ஒலியை அடுத்து மற்றொரு மெய் வரும் இடத்தில்: ‘தங்குதல்’ என்னும் பொருளுள்ள ‘ரெஸ்தே’ என்பதைப் பெரும்பாலோர் ‘ரெஸ்-தே’ என்றே பிரிக்கிறார்கள் என்றாலும், மெதுவாகப் பிரித்துச் சொல்லச் சொன்னால் ‘ரெ-ஸ்தே’ என்பவர்களும் உண்டு. இரண்டையும் தவறென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இப்போது உங்கள் சொல்லுக்கு வருவோம். எழுத்தில் இரண்டு எஸ் இருந்தாலும் ஒலியில் இருப்பது ஒரே ‘ஸ்’. இரண்டு எஸ் எழுதக் காரணம் வேறு: உயிர்களுக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் அது ‘இஸட்’ ஒலியாகிவிடும் என்பதால்தான் இரட்டிக்கிறார்கள். ஒரே ஒலி என்பதால் அது பின் உயிரோடு சேர்ந்து ‘ஃபி-னி-ஸ்யோன்’ ஆகிறது. ஆசிரியர் சொன்னது சரி. அச்சுக்கோப்பவரின் மரபு வேறு. அவர் ஒலியைக் கேட்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறார். இரட்டை மெய்யெழுத்தை நடுவில் வெட்டுவது அவருடைய வழக்கம், ஆகவே ஓர் எஸ் மேல்வரியிலும் மற்றொன்று கீழ்வரியிலும் நிற்கும். அகராதி சொன்னதும் சரி. இந்த அச்சு மரபுக்கென்று தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு: ‘பார்க்கிறோம்’ என்னும் பொருளுள்ள ‘வ்வாயோன்’ என்ற வடிவத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒய் எழுத்து நிற்கிறது, அந்த ஒய் பாதி முன் அசைக்கும் பாதி பின் அசைக்கும் வேலை செய்வதால் அதற்கு முன்னும் வெட்டக் கூடாது, பின்னும் வெட்டக் கூடாது என்று விலக்கியிருக்கிறார்கள். ‘வ்வா-யோன்’ என்று காதில் தெளிவாக இரண்டு அசை கேட்கும் சொல், அச்சில் வெட்டவே முடியாத சொல். வரி வெட்டும் விதியைக் கொண்டு அசை எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவதாக உள்ள பொருட்பிரிப்புதான் நின்று பார்க்க வேண்டியது. எளிய வினையான ‘பர்லே’ (பேசுதல்) என்பதிலிருந்து தொடங்குகிறேன். நிகழ்காலத்தில் ‘பர்லோன்’ என்பது பர்ல் + ஓன்: பகுதி ஒன்று, தன்மைப் பன்மை விகுதி ஒன்று. அசைப்படி ‘பர்-லோன்’, உறுப்புப்படி ‘பர்ல் + ஓன்’. ‘ல்’ என்னும் ஒரே மெய்தான் இடம் மாறியிருக்கிறது. தமிழில் இதை ‘லோ’ என்று உயிர்மெய்யாக எழுதும்போது எல்லை எழுத்துக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நன்னூல் சொல்வதை நினைவில் கொண்டவருக்கு இது இடையூறு அன்று. இறந்தகாலத்தின் தொடர்நிலை வடிவத்தில் (அன்பர்ஃபே என்று உங்கள் பாடநூலில் இருப்பது) ‘பர்ல்யோன்’ என்று வரும். இது பர்ல் + இ + ஓன். நடுவில் நிற்கும் ‘இ’ காலம் காட்டும் இடைநிலை. விரைந்து ஒலிக்கும்போது அது ‘ய்’ ஆகிறது. பாடநூல்கள் பெரும்பாலும் ‘இயோன்’ முழுவதையும் ஒரே விகுதியாக மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. கற்பிக்கும் வசதிக்காக அப்படிச் செய்வதில் குற்றமில்லை. ஆனால் ‘ஓன்’ என்பது நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் அதே பொருளில் தனியே வருவதால், காலத்தை உணர்த்தும் வேலை ‘இ’ ஒன்றுக்கே உரியது என்று பிரிப்பதே முறையான பகுப்பு. ஒருமையில் இதே இடைநிலை ‘எ’ என்ற ஒலியாக, ஏ, ஐ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதப்பட்டு நிற்கும்.

அடுத்து ‘ஃபினிஸ்யோன்’. இந்த ஒரே எழுத்துக்கோவை, ஒரு துளி வேறுபாடுமின்றி, மூன்று வெவ்வேறு இடங்களுக்கு உரிய வடிவம். முதலாவது, நீங்கள் கேட்ட தொடர் இறந்தகாலம். இரண்டாவது, விருப்பம், ஐயம், தேவை முதலியவற்றை அடுத்து வரும் சுப்ழோன்க்தீஃப் என்னும் பாங்கின் நிகழ்காலம். மூன்றாவது, அதே பாங்கின் இறந்தகாலம்; இது இன்று பேச்சில் அறவே இல்லை, பழைய எழுத்தில் மட்டும் காண்பது. ஒலிப்படி மூன்றும் ‘ஃபி-னி-ஸ்யோன்’; அச்சு வெட்டும் மூன்றுக்கும் ஒன்றே. உறுப்புப்படி மட்டும் இவை ஒன்றல்ல. முதல் இரண்டிலும் ‘ஸ்’ பகுதியைச் சேர்ந்தது. மூன்றாவதில் ‘ஸ்’ இடைநிலை. எப்படித் தெரியும் என்றால், ‘ஸ்’ பகுதியில் இல்லாத வேறொரு வினையை அந்த இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘பர்லே’ வினை முதல் இரண்டு இடங்களிலும் ‘பர்ல்யோன்’ என்று ‘ஸ்’ இல்லாமலே வருகிறது. மூன்றாவது இடத்தில் மட்டும் ‘பர்லாஸ்யோன்’ என்று ‘ஸ்’ ஏற்று வருகிறது. ‘விரும்புதல்’ என்னும் பொருளுள்ள ‘வூல்வார்’ வினையும் அப்படியே: முதல் இரண்டில் ‘வூல்யோன்’, மூன்றாவதில் ‘வூலுஸ்யோன்’. ஆகவே அந்த மூன்றாம் வடிவத்தை ஃபினி + ஸ் + இ + ஓன் என்றும், முதல் இரண்டையும் ஃபினிஸ் + இ + ஓன் என்றும் பிரிப்பதே நியாயம். பகுதியின் ‘ஸ்’ ஒன்றும் இடைநிலையின் ‘ஸ்’ ஒன்றும் சேர்ந்து இரண்டு முறை வரும் வடிவம் எதுவும் இந்த வினைக்கு இல்லை. இறந்தகால சுப்ழோன்க்தீஃப் நீண்ட பகுதியை விட்டுவிட்டு ‘ஃபினி’ என்ற குறுகிய பகுதியின் மேலேயே எழுகிறது.

வரலாறும் இதையே சொல்கிறது. பகுதியில் ஒட்டிய ‘ஸ்’, இலத்தீனில் ‘ஒன்றைத் தொடங்குதல்’ என்ற பொருளைத் தந்த ‘ஸ்க்’ என்னும் ஒட்டிலிருந்து வந்தது. இடைநிலையான ‘ஸ்’, இலத்தீனின் முற்றிறந்தகால சுப்ழோன்க்தீஃப் வடிவத்திலிருந்து வந்தது. வேறு வேறு ஊற்றுகளிலிருந்து ஓடிவந்த இரண்டு ஓடைகள் ஒரே எழுத்துகளில் வந்து கலந்திருக்கின்றன. தொடக்கப் பொருள் பிரெஞ்சில் முற்றிலும் மறைந்துவிட்டது. அந்த ‘ஸ்’ இன்று இரண்டாம் வகை வினைகளின் (‘ஃபினீர்’, அதாவது ‘முடித்தல்’, போல ‘ஈர்’ என்று முடிந்து இந்த நீண்ட பகுதியை ஏற்பவற்றின்) அடையாளம் என்பதைத் தவிர வேறெதையும் உணர்த்துவதில்லை. ஒரு சிறு செய்தி: ஆங்கிலத்தின் ‘ஃபினிஷ்’, ‘பனிஷ்’ போன்ற சொற்களின் இறுதியில் உள்ள ‘ஷ்’ இந்த நீண்ட பகுதியின் ‘ஸ்’தான். ஆங்கிலேயர் இந்த வினைகளைக் கடன் வாங்கியபோது ‘ஃபினி’யை விட்டு ‘ஃபினிஸ்’ஸை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வடிவங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது எப்படி என்று அடுத்துக் கேட்பீர்கள். வடிவத்தைப் பார்த்து அறிய முடியாது. இரண்டிலும் ‘இ’ ஒன்றே நிற்கிறது, ஒன்றில் அது காலம் காட்டுகிறது, மற்றொன்றில் பாங்கு காட்டுகிறது. வகுப்பில் நான் சொல்லித் தருவது மாற்றிவைத்துப் பார்க்கும் முறை: அதே வாக்கியத்தில் ‘செய்தல்’ என்னும் பொருளுள்ள ‘ஃபேர்’ வினையை வையுங்கள். தொடர் இறந்தகாலமானால் ‘ஃபெஸியோன்’ (‘ஸ்’ இங்கே இஸட் ஒலி) என்றும், சுப்ழோன்க்தீஃப் ஆனால் ‘ஃபாஸ்யோன்’ என்றும் வரும். அந்த வினையின் பகுதியே மாறிவிடுவதால் காது தானே தீர்ப்பு சொல்லிவிடும். இந்த இரண்டு ‘இ’களையும் ஒரே உருபன் (பொருள் சுமக்கும் மிகச் சிறிய துண்டு) என்று கொள்வதா, ஒலி ஒத்த இரண்டு உருபன்கள் என்று கொள்வதா என்பதில் இலக்கணிகள் ஒத்துப்போவதில்லை. நான் இரண்டு என்றே கற்பிக்கிறேன், ஏனெனில் ஒருமையில் தொடர் இறந்தகாலத்தின் இடைநிலை ‘எ’ ஆக மாறுகிறது, சுப்ழோன்க்தீஃபின் ‘இ’ அப்படி மாறாமல் மறைந்துபோகிறது. எதிர்க்கட்சி வாதமும் வலுவற்றது அன்று.

‘ஃபினிஸ்’ என்பதையே இன்னும் வெட்டலாமா என்பது அடுத்த ஐயம். ‘சிவப்பு’ என்னும் பொருளுள்ள ‘ரூழ்’ என்ற சொல்லிலிருந்து ‘சிவத்தல்’ என்னும் ‘ரூழீர்’ வந்திருப்பது இன்றும் வெளிப்படை. அங்கே ரூழ் + இ + ஸ் + ஓன் என்று நான்காகப் பிரித்து, ‘இ’ பெயரை வினையாக்கும் உறுப்பு, ‘ஸ்’ வெறும் நீட்டம் என்று சொல்வதில் தடையில்லை. ‘ஃபினீர்’ வினைக்கு அது அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. அது இலத்தீனிலிருந்து வினையாகவே வந்த சொல். ‘முடிவு’ என்னும் பெயர்ச்சொல் பக்கத்தில் இருந்தாலும், பேசுபவர் அதிலிருந்து இதைப் புதிதாக ஆக்கிக்கொள்வதில்லை. தேர்வில் கேட்டால் ‘ஃபினிஸ்’ என்பதை முழுப் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

எதிர்காலத்துக்கு வந்தால் அசையும் உறுப்பும் ஒன்றையொன்று எப்படி ஆட்டுவிக்கின்றன என்பதைக் காணலாம். எதிர்கால வடிவம், வினையின் அடிப்படை வடிவத்தோடு ‘உடைமை’ப் பொருளுள்ள ‘அவ்வார்’ வினையின் நிகழ்கால வடிவங்கள் ஒட்டிப் பிறந்தது. ‘பேச உள்ளேன்’ என்பது போன்ற அமைப்பு. ‘எ’, ‘ஆ’, ‘ஆ’, ‘ஓன்’, ‘ஏ’, ‘ஓன்’ என்ற எதிர்கால விகுதிகளை அந்த வினையின் நிகழ்காலத்தோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும். 842ஆம் ஆண்டின் ஸ்திராஸ்பூர் உறுதிமொழியிலேயே, அதாவது பிரெஞ்சின் முதல் எழுத்துச் சான்றாகக் கொள்ளப்படும் உரையிலேயே, இந்த ஒட்டு முடிந்து ஒரே சொல்லாகிவிட்டது; ‘காப்பேன்’ என்பது அங்கே ‘சல்வராய்’ என்று ஒற்றைச் சொல்லாக நிற்கிறது. எனினும் இன்றைய மொழியைப் பகுக்கும்போது ‘பர்ல் + எர் + ஓன்’ என்று பிரித்து, ‘எர்’ என்பதை எதிர்கால இடைநிலையாகக் கொள்வதே பொருந்தும். வரலாற்றில் அது வேறு இரண்டு சொற்களின் ஒட்டு என்பது இன்று பேசுபவர் மனத்தில் இல்லை.

அந்த ‘எர்’ இடைநிலையில் உள்ள ‘எ’ ஒரு விசித்திரப் பிறவி. பிரெஞ்சுக்காரர் அதை ஊமை ஈ என்கிறார்கள். நம் குற்றியலுகரத்தைப் போல அது இடத்துக்கேற்பக் குறைகிறது; முழுதாகவே மறைந்துவிடவும் செய்கிறது. ‘கொடுப்போம்’ என்பது எழுத்தில் மூன்று அசைபோலத் தோன்றினாலும் பேச்சில் ‘தொன்-ரோன்’ என இரண்டே அசை, ‘எ’ போய்விட்டது. ‘பேசுவோம்’ என்பதிலோ ‘எ’ போவதில்லை: ‘பர்-லெ-ரோன்’ என்று மூன்று அசையும் ஒலிக்கும், ஏனெனில் அதை விட்டுவிட்டால் ‘ர், ல், ர்’ என மூன்று மெய்கள் நெருங்கிவிடும். மூன்று மெய்கள் சேரும் இடத்தில் ஊமை ஈ வாய் திறக்கும் என்ற இந்தப் பொதுப்போக்கை மொரீஸ் கிராமோன் என்ற ஒலியியலறிஞர் விதியாகவே எழுதிவைத்தார். அது விலக்கில்லாத விதி அன்று. விரைந்த பேச்சில் மீறல்களை நானே பல முறை கேட்டிருக்கிறேன். ஆனால் தொடங்குபவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

இப்போது நிபந்தனைப் பாங்கைப் பாருங்கள்: ‘கொடுப்போம்’ என்பதன் நடுவில் மேலே சொன்ன ‘இ’ இடைநிலையைச் செருகினால் ‘(முடிந்தால்) கொடுப்போமே’ என்ற பொருள் வரும். உறுப்புப்படி தொன் + எர் + இ + ஓன். ஒலிப்படியோ ‘தொ-னெ-ர்யோன்’, மூன்று அசை. சேர்ந்தது ஓர் ‘இ’ மட்டுமே. அந்த ‘இ’ தானும் ‘ய்’ ஆகக் குறுகிவிட்டதால் ஓர் அசையாக நிற்கவில்லை. ஆனாலும் அசை ஒன்று கூடிவிட்டது. கூடிய அசை எது என்றால், இறந்துபோயிருந்த அந்த ஊமை ‘எ’. ‘ன், ர், ய்’ மூன்றும் நெருங்க முடியாததால் ‘எ’ மீண்டும் எழுந்துவிட்டது. ‘தொன்-ரோன்’ என்று சொல்லிப் பழகிய மாணவர் ‘தொன்-ர்யோன்’ என்று சொல்லி நாக்கை உருட்டுவது வகுப்பில் அடிக்கடி நடப்பது. காரணத்தைச் சொன்னதும் அதோடு அந்தப் பிழை போய்விடுகிறது.

பகுதி தானே மாறும் வினைகளுக்கும் விளக்கம் பெரும்பாலும் அசையில்தான் இருக்கிறது. ‘தூக்குதல்’ என்னும் ‘லெவே’ வினையில், நாம் தூக்குகிறோம் என்பது ‘லெ-வோன்’. முதல் அசை உயிரில் முடிவதால் அதில் ஊமை ‘எ’ இருக்கலாம். நான் தூக்குகிறேன் என்பதில் விகுதி ஒலிப்பதில்லை. ஆகவே ‘வ்’ பின்னால் போக இடமின்றி முன் அசையிலேயே தங்கி அதை மூடிவிடுகிறது. மூடிய அசையில் ஊமை ‘எ’ நிற்காது. திறந்த வாயோடு ஒலிக்கும் ‘ஏ’யாக மாறி ‘லேவ்’ ஆகிவிடும். எழுத்தில் இந்த மாற்றத்தைக் காட்டச் சில வினைகள் ஈயின் மேல் குறி இடுகின்றன, சில வினைகள் அடுத்த மெய்யை இரட்டிக்கின்றன. 1990 டிசம்பர் 6 அன்று அரசிதழில் வெளியான எழுத்துச் சீர்திருத்தம், ‘அழைத்தல்’, ‘எறிதல்’ என்னும் பொருளுள்ள இரண்டு வினைகளையும் அவற்றின் குடும்பத்தையும் மட்டும் இரட்டிப்போடு விட்டுவிட்டு, இவ்வகையின் ஏனைய வினைகளுக்குக் குறியே போதும் என்று பரிந்துரைத்தது. பழைய எழுத்தும் தவறாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால் இரண்டையும் நூல்களில் காண்பீர்கள். எழுத்து எதுவானாலும் ஒலி ஒன்றே, அசையும் ஒன்றே.

‘பர்லே’ வினையே ஒரு காலத்தில் இப்படி மாறிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. பழம் பிரெஞ்சில் ‘அவன் பேசுகிறான்’ என்பது ‘பரோலெ’, ‘நாம் பேசுகிறோம்’ என்பது ‘பர்லோன்ஸ்’. அழுத்தம் பகுதியின் மேல் விழுந்தபோது நடு அசை பிழைத்தது. விகுதியின் மேல் விழுந்தபோது நடு அசை நசுங்கி மறைந்தது. பின்னாளில் குறுகிய பகுதியே எல்லா இடங்களுக்கும் பரவி வினை ஒழுங்காகிவிட்டது. நெடிய பகுதி ‘பரோல்’ என்ற பெயர்ச்சொல்லாக, ‘சொல், பேச்சு’ என்ற பொருளில், இன்றும் வாழ்கிறது. ‘சாகிறேன், சாகிறோம்’ என்பவற்றில் ‘மர்’, ‘மூரோன்’ என்று பகுதி மாறுவதும் இதே அழுத்தத்தின் எச்சம்தான். அங்கே மட்டும் சமன் செய்யும் வேலை நடக்கவில்லை. இவ்வளவும் உறுதி. ‘ஓன்’ என்ற விகுதி எல்லா வினைகளுக்கும் பொதுவாக எப்படி வந்தது என்பது மட்டும் இன்னும் வழக்கில் இருக்கும் கேள்வி. ‘இரு’ப் பொருள் வினையின் தன்மைப் பன்மை வடிவத்தைப் பார்த்து மற்றவை ஒத்துக்கொண்டன என்பது பரவலான கருத்து, முடிந்த தீர்ப்பு அன்று.

எழுத்தில் பிரித்துப் பழகியவர் ஒலியில் ஏமாறும் இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். படர்க்கைப் பன்மை விகுதி ஈ, என், டி என்ற மூன்று எழுத்துகளால் எழுதப்படுகிறது. பெரும்பாலான வினைகளில் அது ஒலிப்பதே இல்லை. ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ இரண்டும் ‘பர்ல்’ என்ற ஒரே அசைதான். ஆனால் ‘அவன் புறப்படுகிறான்’ என்பது ‘பர்’, ‘அவர்கள் புறப்படுகிறார்கள்’ என்பது ‘பர்த்’. ‘அவன் முடிக்கிறான்’ என்பது ‘ஃபினி’, ‘அவர்கள் முடிக்கிறார்கள்’ என்பது ‘ஃபினிஸ்’. காதுக்குப் பன்மையைக் காட்டுவது விகுதி அன்று, பகுதியின் இறுதி மெய். அப்படியானால் ‘பர்’ என்பதோடு ‘த்’ சேர்ந்து பன்மை உண்டாகிறதா, ‘பர்த்’ என்பதிலிருந்து ‘த்’ கழிந்து ஒருமை உண்டாகிறதா? கழிவு என்பதே சிக்கனம். எந்த மெய் சேரும் என்பதை வினைக்கு வினை நினைவில் வைக்க வேண்டும், எது கழியும் என்பதை நினைவில் வைக்க வேண்டியதில்லை. லெனர்ட் புளூம்ஃபீல்ட் 1933இல் பிரெஞ்சுப் பெயரடைகளுக்கு, பெண்பாலிலிருந்து இறுதி மெய்யைக் கழித்து ஆண்பாலைப் பெறலாம் என்று காட்டிய வழி இதுதான். ஏதோ ஒன்றைக் கழிப்பதையே ஓர் உருபன் என்று சொல்லலாமா என்ற வாதம் அதிலிருந்து எழுந்து இன்னும் அடங்கவில்லை. நான் அதில் கட்சி சேரவில்லை. ஆனால் வகுப்பில் பன்மையை முதலில் கற்பித்துவிட்டு ஒருமைக்கு வருவது எளிது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

உறுப்பின் எல்லையை அசையும் மதித்து நிற்கும் இடமும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் சித்திரம் ஒருபக்கமாகிவிடும். ‘துளையிட்டான்’ என்னும் ‘த்ரூ-ஆ’ இரண்டு அசை. ‘மூன்று’ என்னும் ‘த்ர்வா’ ஒரே அசை. ஒலிகளை மட்டும் அடுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் ‘த்ரூ + ஆ’ என்று பகுதி முடிந்து விகுதி தொடங்குகிறது, அந்த இடத்தில் ‘ஊ’ குறுகுவதில்லை. ‘வாடகைக்கு எடுத்தான்’ என்பதில் அதே அமைப்பு இருந்தும் ‘லூ-ஆ’ என்றும் ‘ல்வா’ என்றும் இருவகையாகக் கேட்கலாம். முன்னால் ‘த்ர்’ போல இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்காததால் கட்டு தளர்ந்துவிடுகிறது. பெல்ஜியத்தில் பிரிந்த ஒலிப்பே மிகுதி. தெற்குப் பிரான்சில் ஊமை ஈ பல இடங்களில் ஊமையாக இருப்பதில்லை, ‘பர்ல்’ என்பது ‘பர்-லெ’ என்றே கேட்கும். என் காது வடபிரான்சுப் பேச்சுக்குப் பழகியது. மேலே நான் தந்த அசைக் கணக்குகளை அந்த எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மரபுச் செய்யுள் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. பன்னிரண்டு அசை அடியின் நடுவில் ‘பேசுகிறார்கள்’ என்ற சொல் வந்தால் அதை ‘பர்-லெ’ என இரண்டு அசையாகவே எண்ண வேண்டும். அடியின் இறுதியில் வந்தால் அந்த இரண்டாம் அசையை எண்ணுவதில்லை. ‘பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்பதன் இறுதியிலும் அதே ஊமை எழுத்துகள் இருந்தாலும், தொடர் இறந்தகாலத்தின் அந்த விகுதிக்கு விலக்கு அளித்து எங்கே வந்தாலும் ஒரே அசையாகக் கொள்வார்கள். பாட்டில் எண்ணிய கணக்கைப் பேச்சுக்கும் பேச்சில் கேட்டதைப் பாட்டுக்கும் கொண்டுபோவதால்தான் இணையத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு அசைக் கணக்குகள் உலவுகின்றன.

கடைசியாக, ‘பேசுகிறானா’ என்னும் ‘பர்-லெ-தீல்’ என்ற கேள்வி வடிவத்தில் நடுவில் வரும் ‘த்’ யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். அசைப்படி அது ‘தீல்’ என்ற கடைசி அசைக்கு உரியது, அதில் ஐயமில்லை. எழுத்தில் இருபுறமும் சிறுகோடு போட்டுத் தனியே நிறுத்துகிறார்கள், ஆகவே வரி வெட்டினால் அந்த ‘த்’துக்கு முன்னால் வெட்ட வேண்டும், பின்னால் வெட்டக் கூடாது. உறுப்புப்படி அது வினைக்கும் உரியதன்று, ‘அவன்’ என்னும் சொல்லுக்கும் உரியதன்று. ‘ஃபினி-தீல்’ (முடிக்கிறானா) போன்ற வடிவங்களில் விகுதியாகவே இருந்த ‘த்’ வெளிப்பட்டு ஒலிப்பதைக் கேட்டுப் பழகி, அது இல்லாத வினைகளிலும் ஒப்புமையால் நுழைந்துவிட்ட ஒலி அது. இலத்தீன் விகுதியின் ‘த்’ இத்தனை நூற்றாண்டுகள் தொடர்ந்து பிழைத்திருந்தது என்று சிலர் எழுதுவதைப் பார்க்கலாம். பழம் பிரெஞ்சிலேயே ‘பர்லே’ போன்ற முதல் வகை வினைகளில் அது மறைந்துவிட்டதால் அதை ஏற்பதற்கில்லை. நம் இலக்கணத்தில் அதற்கு ஒரு பெட்டி தேடினால் சாரியை என்பதில் வைக்கலாம்: பொருளில்லை, பகுதியிலும் விகுதியிலும் சேராது, இரண்டு உயிர்கள் மோதாமல் இடையில் நிற்கிறது.